மலிவான வாளலகும் அதன் தராதரமும்

வாள்வீச்சு ஐரோப்பாவிலே போர்ப்பயிற்சியாகத் தோன்றிப் பின்னர் விளையாட்டாக மாறிய ஒரு கலை. அதிற் பயன்படும் வாளுக்கு வெட்டும் வாயுமில்லை, குத்தும் முனையுமில்லை. முனை இருக்கவேண்டிய இடத்திலே குமிழொன்று அமைந்திருக்கும். ஆகவே, போர்வாளின் தரத்தை ஆராய்வார் முதலில் நோக்கும் கூர்மை இவ்வாளைப் பொறுத்தவரையிற் பொருளற்றதாகின்றது. எதிரியின் மார்பிலே பட்டவுடன் வில்லென வளைந்து, விலகியவுடன் பழைய நேர்நிலைக்கு மீள்வதே இவ்வாளலகின் தொழில். ஒரு பயிற்சிப் பொழுதுக்குள் இவ்வளைவு நூற்றுக்கணக்கான முறை நிகழும். எத்தகைய உருக்கும் இதனை முடிவின்றித் தாங்குவதில்லை. எனவே வாளின் பிடியும் கைக்காப்பும் நெடுங்காலம் நிலைக்க, அலகு மட்டும் முறிந்து முறிந்து மாற்றப்படுவதாயிற்று. அலகை மலிவாக வாங்கவேண்டும் என்னும் விருப்பம் பிறப்பதும், மலிவான அலகை எவ்வாறு மதிப்பிடுவது என்னும் வினா எழுவதும் இக்காரணத்தினாலேயாம்.

இவ்விளையாட்டில் வழங்கும் வாள்கள் மூவகைப்படும். பொயில் என்பது நாற்பட்டையான மெல்லிய அலகுடையது. எப்பே என்பது முப்பட்டையானது. மூன்றனுள்ளும் கனமும் விறைப்பும் மிக்கது. சேபர் என்பது குதிரைப்படை வாளின் வழிவந்தது. அதன் முனை மடித்துவிடப்பட்டிருக்கும். முதலிரண்டின் அலகும் 90 சதமமீற்றருக்கு மேற்படலாகாது. சேபரின் அலகு 88 சதமமீற்றருக்கு மேற்படலாகாது. வாளின் முழு நிறை பொயிலுக்கும் சேபருக்கும் 500 கிராமுக்கும், எப்பேக்கு 770 கிராமுக்கும் குறைந்ததாக இருத்தல் வேண்டும் என்பது விதி.

அலகுக்கு வேண்டிய பண்பு வன்மையன்று, மீள்தன்மையே என்பதை உணர்த்த ஓர் ஒப்பீடு உதவும். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என வழங்கிய தென்னிந்திய உருக்குப் பண்டைநாளில் மேலைநாட்டு வாள்வினைஞராற் பெரிதும் விரும்பப்பட்டது. அதிலே காபன் மிகுந்திருந்தமையின் அது கொடுத்த கூர்மை நெடுநாள் நிலைத்தது. ஆயினும் அத்துணைக் காபன் செறிந்த உருக்கிலே பொயில் அலகொன்றைச் செய்தால், வளையுமுன் அது முறிந்துவிடும். புகழ்பெற்ற உருக்கு எல்லாத் தொழிலுக்கும் ஏற்ற உருக்கன்று.

மலிவான அலகுகள் சுருள்வில் செய்யப் பயன்படும் இனத்தைச் சேர்ந்த காபன் உருக்கினால் ஆக்கப்படுவன. அவ்வுருக்கிலே காபன் ஏறத்தாழ நூற்றுக்கு அரைப்பங்கு அளவிலிருக்கும். சிறிதளவு மங்கனீசும் சிலிக்கனும் சேர்ந்திருக்கும். அலகைச் செஞ்சூடாக்கி எண்ணெயிலே தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் உடனே கண்ணாடிபோல் உடையும் இயல்பையும் பெற்றுவிடும். ஆகையால் அதனை மீண்டும் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவர். மலிவான அலகின் குற்றங்களிற் பெரும்பாலானவை இப்பதப்படுத்தலிலே நேர்வன. பதம் மிகுந்தால் அலகு மென்மையாகி, வளைத்தபடியே நின்றுவிடும். பதம் குறைந்தால் திடீரென முறியும். ஒரே பட்டறையில் ஒரே நாளிலே சூளையிலிருந்து வெளிவந்த இரண்டு அலகுகள் வேறுபடுவதும் உண்டு. மலிவு என்பது பெரும்பாலும் உருக்கின் இழிவன்று. ஒவ்வொன்றையும் சோதித்துக் கழிக்கும் உழைப்பு மிச்சப்படுத்தப்பட்டமையே மலிவாகின்றது. அவ்வுழைப்பை வாங்குவோர் தாமே மேற்கொள்ளவேண்டியவராகின்றனர்.

விலையுயர்ந்த அலகுகளோ மரேஜிங் எனப்படும் உருக்கினாலானவை. அதிலே காபன் இல்லையென்றே சொல்லலாம். நூற்றுக்குப் 18 பங்கு நிக்கலும், அதனோடு கோபாற்று, மொலிப்டனம், தைத்தேனியம் ஆகியவையும் கலந்திருக்கும். தோய்த்தலினாலன்றி, 480 பாகை செல்சியசு அளவான சூட்டிலே பல மணிநேரம் வைத்து முதிர்வித்தலினால் அது வலிமை பெறுகின்றது. விண்கலங்களின் உறுப்புகளுக்கும் இவ்வின உருக்கே பயன்படுவதுண்டு. அதன் விலை மிகுதிக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்வேறுபாடு விலையோடு நின்றுவிடுவதன்று. 1982 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே உரோம் நகரில் உலக வாள்வீச்சுப் போட்டி நடைபெற்றது. 1980 ஆம் ஆண்டு மொஸ்கோ ஒலிம்பிக்கிலே பொயில் தனிநபர் போட்டியில் தங்கப்பதக்கம் பெற்ற சோவியத்து வீரர் விளாடிமிர் ஸ்மிர்னொவ் அங்கே மேற்கு ஜேர்மனி வீரரொருவரோடு பொருதினார். எதிராளியின் பொயில் முறிந்தது. முறிந்த அடித்துண்டு, பாய்ந்த விரைவு குன்றாமலே, ஸ்மிர்னொவ் அணிந்திருந்த முகக்காப்பின் கம்பிவலையைத் துளைத்துக் கண்வழியே மூளையைத் தாக்கியது. சில நாள்களின் பின் அவர் உயிர் நீத்தார். எதிராளி விதியை மீறியவரல்லர். முறிந்த அலகும் அழிந்த வலையும் ஒருங்கு சேர்ந்தமையே கேட்டுக்குக் காரணம். அதன் பின்னரே முகக்காப்பு, உடை, அலகு ஆகிய மூன்றைப் பற்றிய சர்வதேச விதிகளும் இறுக்கமடைந்தன. மரேஜிங் அலகு பெருமைபெற்றதும் இந்நிகழ்ச்சியின் பின்னரேயாம்.

இங்கே பரவலான ஒரு தவறான நம்பிக்கையைச் சுட்டுதல் அவசியம். மரேஜிங் அலகு முறியும்போது முறிந்த முகம் தட்டையாக அமையும், காபன் அலகே ஈட்டிபோற் கூராக முறியும் என்று வாள்வீச்சுப் பழகுவோர் பலர் கூறுவர். சோதனைகள் இதனை மறுத்துள்ளன. இரண்டும் ஒரே தன்மையாகக் கரடுமுரடாகவே முறிகின்றன. உண்மையான வேறுபாடு முறியும் விதத்திலன்று. முறிவுக்கு முன் நிகழ்வதிலே உள்ளது. அலகின் மேற்பரப்பிலே எங்கோ ஒரு நுண்ணிய வெடிப்புத் தோன்றுகின்றது. ஒவ்வொரு வளைவிலும் அது சிறிது வளர்கின்றது. எஞ்சிய உலோகம் தாங்கமாட்டாத நாளிலே அலகு முறிகின்றது. மரேஜிங் உருக்கிலே அவ்வெடிப்பு மிக மெதுவாக வளரும். காபன் உருக்கிலே விரைந்து வளரும். மரேஜிங் அலகு அரிதாக முறிவது அதனாலேதான். இவ்வுண்மையை மனத்திற் கொண்டால், மலிவான அலகை ஆராய்வதென்பது வெடிப்பு எங்கே தொடங்கக்கூடும் எனத் தேடுவதே என்பது புலனாகும்.

அலகை இனங்காண்பதற்கு முதற் சான்று கைக்காப்பின் அருகே பதிக்கப்பட்டிருக்கும் முத்திரைகளாம். 1913 ஆம் ஆண்டிலே பாரிசு நகரில் நிறுவப்பெற்ற சர்வதேச வாள்வீச்சுச் சம்மேளனத்தின் குறியாகிய எவ். ஐ. ஈ. என்னும் எழுத்துகள் அதன் அங்கீகாரத்தைக் காட்டுவன. செய்தவரின் குறி, அளவெண், செய்த காலம் என்பனவும் பொறிக்கப்பட்டிருத்தல் கூடும். அளவெண் 5 ஆயின் அது முழுநீள அலகு. 0, 2 முதலியன சிறுவர்க்குரியவை. எண் 5 எனக் கண்டு நல்ல அலகெனக் கொள்வாரும் உளர். அது நீளத்தைக் காட்டுவதேயன்றித் தரத்தைக் காட்டுவதன்று. எவ்வித முத்திரையுமில்லாத அலகை மரேஜிங் என ஒரு வணிகர் கூறினால் அக்கூற்றை ஐயத்தோடு நோக்குதல் தகும்.

இந்த ஐயத்தைத் தீர்க்கும் வழியொன்று பட்டறையிலே உண்டு. காந்தம் உதவாது, இருவகை உருக்கையும் அது ஒன்றுபோல ஈர்க்கும். துருவும் நம்பத்தக்க சான்றன்று. மரேஜிங் உருக்கும் காலப்போக்கிற் கறுத்துத் துருப்பிடிப்பதே. ஆனால் புதிய அலகைப் பிடியிலே பொருத்தும்போது, பிடிக்குள் நுழையும் காம்பின் மிகுதியைப் பெரும்பாலும் அறுத்தெறிய நேரும். அவ்வறுத்த துண்டைச் சுழலும் சாணைக்கல்லிலே பிடித்தால், காபன் உருக்கு வெண்மஞ்சளான பொறிகளைப் பூப்பூவாகச் சிதறும். மரேஜிங் உருக்கின் பொறிகள் குறுகியனவாய், மங்கிய செந்நிறமாய், பூவின்றி அடங்கிவிடும். அலகின் உடலை மட்டும் ஒருபோதும் சாணையிலே தீட்டலாகாது. அந்தக் கீறலே வெடிப்புக்கு விதையாகும்.

இனம் அறிந்தபின் தரம். அலகைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை நோக்குதல் முதற் செயல். பொயிலிலும் எப்பேயிலும் 1 சதமமீற்றருக்குக் குறைந்த சீரான வளைவு விதிக்கு உடன்பாடானது. சேபரிலே 4 சதமமீற்றர் வரை இடமுண்டு. பக்கவாட்டிலே திருகியிருப்பதும், ஓரிடத்திலே மட்டும் மடிந்திருப்பதும் விலக்கத்தக்கன. அடுத்து, நுனியைச் சுவரிலோ மரத்திலோ ஊன்றி மெல்ல வளைக்கவேண்டும். நல்ல பொயிலிலே வளைவு நுனிப்பக்கத்தில் தொடங்கி நடுவை நோக்கி ஒழுங்காகப் பரவும். ஒரு புள்ளியிலே மட்டும் முழங்கைபோல மடங்குமாயின், அவ்விடத்திலே கனம் குறைந்திருக்கின்றது அல்லது பதம் கெட்டிருக்கின்றது என்பது தெளிவு. விட்டவுடன் அலகு நேராகவில்லையெனின் அதனை வாங்காதிருத்தலே நன்று.

கைப்பழக்கம் இல்லாதோர்க்கு அளவுகோலே துணை. சர்வதேச விதி கூறும் முறை எளியது: நுனியிலிருந்து 70 சதமமீற்றர் தொலைவிலே அலகைக் கிடையாக இறுகப் பற்றுவித்து, நுனியிலிருந்து 3 சதமமீற்றரிலே 200 கிராம் நிறையைத் தொங்கவிட்டு, நுனி எவ்வளவு தாழ்கின்றது என அளத்தல். பொயிலாயின் 5.5 முதல் 9.5 வரையும், எப்பேயாயின் 4.5 முதல் 7 வரையும், சேபராயின் 4 முதல் 7 வரையும் சதமமீற்றர் தாழலாம். இரும்புப் பற்றுப்பொறியொன்றும் படிக்கல்லும் அளவுகோலும் உள்ள எந்தப் பாடசாலைத் தொழிற்கூடத்திலும் இதனைச் செய்துவிடலாம். ஒரே பெட்டியில் வந்த பன்னிரண்டு அலகுகளை இவ்வாறு அளந்து பார்த்தால், பதப்படுத்தியோரின் கவனமும் கவனக்குறைவும் எண்களாகவே வெளிப்படும்.

இனி மேற்பரப்பு. மலிவான அலகிலே அராவிய வடுக்கள் குறுக்காகக் கிடப்பதுண்டு. நீளவாட்டில் ஓடும் வடு அத்துணைக் கேடு பயப்பதன்று. குறுக்கு வடுவோ, வளையுந்தோறும் வாய்திறப்பது. மின்கம்பி செல்லும் பள்ளத்தின் விளிம்பு கரடாக இருப்பின் அதுவும் அத்தகையதே. காம்பு அலகோடு சேரும் தோளிலே கூர்ங்கோணமாக வெட்டப்பட்டிருத்தல் பெருங்குற்றம். அங்கே சிறிது வளைந்த இணைப்பு இருத்தல் வேண்டும். காம்பின் நுனியிலுள்ள புரியிலே சுரையைக் கையாற் சுழற்றிப் பார்ப்பதும் வீண்வேலையன்று. அலகு செவ்வியதாயிருந்தும், புரி கெட்டமையால் வாள் கையிலே ஆடிக்கொண்டிருத்தல் மலிவான பொருளிலே அடிக்கடி காணப்படும் குறை.

இத்தனை சோதனையிலும் தேறிய காபன் அலகு இகழத்தக்கதன்று. தொடக்கநிலை மாணாக்கர் மெல்லப் பொருதுவர். நெடுந்தொலைவு பாய்ந்து குத்துவதில்லை. அவர்க்கு அது போதியது. ஒரு மரேஜிங் அலகின் விலைக்கு இரண்டு காபன் அலகுகளாயினும் கிடைக்குமாதலின், சிறு கழகங்கள் அவற்றையே நாடுவதிலே தவறில்லை. உயர்நிலைப் போட்டிகளிலே பொயிலுக்கும் எப்பேக்கும் மரேஜிங் அலகு வேண்டப்படுவதும் நியாயமே. முகக்காப்பிலும் உடையிலும் மலிவு தேடுதல் மட்டும் எந்நிலையிலும் ஒப்பத்தக்கதன்று. ஸ்மிர்னொவின் மரணத்திலே அலகு மாத்திரம் தோற்கவில்லை.

வாங்கிய பின்னரும் ஆராய்ச்சி தொடரவேண்டியதே. சிறிது வளைந்துபோன அலகைக் காலணியின் கீழே வைத்து மெல்ல இழுத்து நேராக்குவது வழக்கம். பல முறை சிறிது சிறிதாகச் செய்தல் வேண்டும், ஒரே முறையில் மடக்குதல் கூடாது. பயிற்சிக்கு முன் அலகின் நீளம் முழுவதும் விரல்நுனியால் தடவிப் பார்த்தால் புதிய வெட்டுத்தழும்புகள் தட்டுப்படும். சிறிய தழும்பை மெல்லிய அரத்தாலும் பின்னர் உப்புத்தாளாலும் நீளவாட்டில் தேய்த்து மழுக்கலாம். கூரிய மடிப்பு ஒருமுறை விழுந்த அலகையும், எஸ் வடிவாக இருமுறை வளைந்த அலகையும், துரு குழியாக அரித்த அலகையும் திருத்த முயலாது விலக்கிவிடுதல் முறை. விலக்கிய அலகைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தாதவாறு பிடியிலிருந்து கழற்றி இரண்டாக வெட்டிவிடும் வழக்கம் நல்ல கழகங்களிலே உண்டு.