மான் எங்கே போயிற்று?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போக முக்கியப் பருவம் ஒன்பது நாள்தான். நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை அது தொடங்கும். உரிமம் வாங்கியவர் சொந்த நிலத்திலேயே சுடலாம். வேட்டையைத் தடைசெய்யும் இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் வேட்டைப் பருவத்துக்கு முந்தைய இரண்டு மாதங்களில் அங்குள்ள பண்ணை நிலங்களில் நடப்பவை துப்பாக்கியைத் தொடாதவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை.

அங்கே ஆண்டுதோறும் காதில் விழும் புலம்பல் ஒன்று உண்டு: “ஆகஸ்டில் அந்திக்கு அந்தி சோயா வயலில் நின்ற மான்கள் அக்டோபரில் ஒன்றுகூட இல்லையே!” மான்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. சோயா இலை பழுத்துக் காய்ந்துவிட்டது. அதே சமயம் காட்டுக்குள் ஓக் மரங்கள் கொட்டையை உதிர்க்கத் தொடங்கிவிட்டன. வெள்ளைவால் மானுக்கு அந்தக் கொட்டை என்றால் உயிர். அதிலும் வெள்ளை ஓக்கின் கொட்டைக்குத்தான் முதலில் வரும், அதில் துவர்ப்பு குறைவு. சிவப்பு ஓக்கின் கொட்டை முதிர இரண்டு ஆண்டு ஆகும், துவர்ப்பும் அதிகம். ஆகவே வயலோரத்தில் காத்திருப்பதைவிட வெள்ளை ஓக்கின் அடியில் குனிந்து பார்ப்பது மேல். நொறுங்கிய ஓடு, கிளறிய சருகு, புதுப் புழுக்கை மூன்றும் இருந்தால் மான் வந்து போகும் இடம் அதுதான்.

அதே மரத்தடியில் சாம்பல் அணிலையும் கவனியுங்கள். வெள்ளை ஓக் கொட்டையை எடுத்ததும் முன்காலில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நுனியைக் கடித்து முளைக்கருவைத் தோண்டி எறிந்துவிட்டுப் பிறகே புதைக்கும். அந்தக் கொட்டை அதே இலையுதிர் காலத்தில் முளைத்துவிடும். முளைத்தால் சேமிப்பு வீண். சிவப்பு ஓக் வசந்தத்தில்தான் முளைக்கும் என்பதால் அதை அப்படியே புதைத்து வைக்கும். எனக்கு மானைவிட இந்த அணில்தான் பெரிய ஆச்சரியம்.

ஆண் மானின் தடங்கள் செப்டம்பரில் தொடங்குகின்றன. கோடை முழுதும் கொம்பைப் போர்த்தியிருந்த மெத்தென்ற தோல் அந்த மாதத் தொடக்கத்தில் உரியும். பிறகு இளமரங்களில் கொம்பைத் தேய்க்கும். பட்டை உரிந்து வெளிர்மரம் ஈரமாகத் தெரிந்தால் தேய்த்து அதிக நேரம் ஆகவில்லை. அக்டோபர் பிற்பாதியில், தாழ்ந்த கிளைக்கு நேர் கீழே குளம்பால் சருகைக் கிளறி வெறுமண் தெரிய வைத்திருக்கும். அந்தக் கிளையை நக்கி, முகத்தின் வாசனையைத் தேய்த்து, கிளறிய மண்ணில் சிறுநீரும் விட்டிருக்கும். மற்ற மான்களுக்கு அது தகவல் பலகை மாதிரி. நவம்பர் முற்பாதியில் இணைசேர்க்கை உச்சம். குளிர் வந்ததால் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் பகல் சுருங்குவதுதான் காரணம். சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள், கணக்குப் பார்த்தால் குட்டிகள் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும். அப்போது தாய்க்குப் பசும்புல் கிடைக்கும்.

இதற்கிடையே கோடையின் செம்பழுப்பு மயிர் உதிர்ந்து, அடர்ந்த சாம்பல் பழுப்பு மயிர் வந்துவிடும். பழைய மானையே புது மான் என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு.

மானைப் பார்ப்பதற்கு மறைவிடத்தைவிடக் காற்றுத் திசை முக்கியம். மான் இருக்கும் பக்கத்திலிருந்து காற்று உங்களை நோக்கி வீச வேண்டும். பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம்; சிவப்பும் ஆரஞ்சும் மான் கண்ணுக்கு மங்கல்தான், நீல ஜீன்ஸ்தான் எடுப்பாகத் தெரியும். சோளத்தைக் கொட்டி வரவழைக்கும் ஆசையும் வேண்டாம். மான்களின் மூளையைச் சிதைத்துக் கொல்லும் தொற்றுநோய் 2002-இல் அந்த மாநிலத்தில் கண்டறியப்பட்டது. பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் அது பரவ வாய்ப்பு கூடும் என்பதால் பல மாவட்டங்களில் இரை வைக்கத் தடை உண்டு.

சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்ட் 1935-இல் இதே மாநிலத்தில் பாழ்பட்ட பண்ணை ஒன்றை வாங்கி, எந்தப் பூ என்று மலர்ந்தது, எந்தப் பறவை என்று வந்தது எனத் தேதியோடு குறித்து வந்தார். நிலம் வைத்திருப்பவர் அந்தப் பழக்கத்தைக் கைக்கொள்ளலாம். குறிப்பாக, எந்த ஓக் எந்த ஆண்டு காய்த்தது என்று எழுதி வையுங்கள். ஓக் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி காய்க்காது. இந்த ஆண்டு மான் வந்த மரத்தடி அடுத்த ஆண்டு வெறுமையாகக் கிடக்கலாம்.