பத்து நிமிடக் கனவும் பாக்கி பில்லும்

பெங்களூரு ஈஜிபுரா சிக்னலில் மாலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். 2017-இல் வேலை தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த மேம்பாலத்தின் தூண்களுக்கு நடுவே, முதுகில் பையோடு டெலிவரி ரைடர்கள் நெளிந்து போவார்கள். பக்கத்திலேயே கோரமங்களா. அங்கே ஸ்டார்ட்அப் யோசனை பிறக்கிறது. அதைச் சுமக்கும் கைகள் ஈஜிபுராச் சந்துகளில் வாடகைக்குக் குடியிருக்கின்றன. கம்பெனி மூடினால் நிறுவனர் அடுத்த யோசனைக்குப் போய்விடலாம். பாக்கி நிற்பது இந்தச் சந்துகளில்தான்.

வீட்டுக்கே பொருள் கொண்டுவந்து தந்த பெங்களூருவின் டன்சோவே இதற்குச் சாட்சி. வாட்ஸ்அப் குழுவாகத் தொடங்கிய அந்த நிறுவனத்தில் 2017-இல் கூகுள் பணம் போட்டது. 2022-இல் ரிலையன்ஸ் ரீடெயில் 20 கோடி டாலர் போட்டது. 2022–23 நிதியாண்டில் அதன் வருவாய் சுமார் 226 கோடி ரூபாய், நஷ்டம் சுமார் 1,800 கோடி. ஒரு ரூபாய் வருவாய்க்கு எட்டு ரூபாய் நஷ்டமாகியிருக்கிறது. 2023-இல் சம்பளம் தள்ளிப்போனது. 2025 ஜனவரியில் செயலியே நின்றது.

எல்லோரும் விரும்பியும் இந்தச் சேவை ஏன் தோற்கிறது?

‘வீட்டுக்கே கொண்டுவந்து தரட்டுமா?’ என்றால் யாரும் வேண்டாம் என்பதில்லை. ‘கூட நாற்பது ரூபாய் ஆகும்’ என்றால் பலரும் தெருமுனைக் கடைக்கு நடந்துவிடுவார்கள். இருநூறு ரூபாய் மளிகையில் கிடைக்கும் லாபம் கொஞ்சம். அதற்குள் ரைடர் கூலி, பொட்டலம், கிடங்கு வாடகை எல்லாம் அடங்காது. குறையும் தொகையை முதலீட்டாளர் பணம் தள்ளுபடியாக நிரப்புகிறது. தள்ளுபடிக்கு வந்தவர் அது நின்றதும் அடுத்த செயலிக்குத் தாவுகிறார். ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடுகிறது. கடைசியில் கைவைக்கப்படுவது சம்பளத்திலும் சப்ளையர் பில்லிலும்தான். அதில் சிக்காமல் இருக்க ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ரைடர்களுக்கு

செயலி வழி வேலை செய்யும் ‘கிக்’ தொழிலாளருக்காகக் கர்நாடகம் 2025-இல் நலச் சட்டம் கொண்டுவந்தது. எழுத்தில் காரணம் சொல்லாமல், 14 நாள் முன்னறிவிப்பு தராமல் உங்களை நீக்கக் கூடாது என்பது அதன் பொது விதி. தொழிலாளிக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நலக் கட்டணமாக நிறுவனம் செலுத்த வேண்டும். நலவாரியத்தில் உங்கள் பதிவு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஊழியர்களுக்கு

2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. வேலையை விட்டாலும், விலக்கினாலும், இரண்டு வேலை நாள்களுக்குள் ஊதிய பாக்கி கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தொழிலாளர் துறையிடம் மூன்று ஆண்டுக்குள் கோரலாம். மாதாமாதம் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்றால் அதுவே முதல் அபாய மணி.

சப்ளையர்களுக்கு

பொட்டலம் செய்பவர், சமைத்துத் தருபவர், வண்டி பழுதுபார்ப்பவர் போன்றோர் சரக்கோ சேவையோ தருவதற்கு முன்பே அரசின் உத்யம் இணையதளத்தில் தொழிலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பில்லை நிறுத்தக் கூடாது; மீறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இதற்கென உள்ள அரசு இணையதளத்தில் புகார் தரலாம். வாங்கி விற்கும் கடைக்காரருக்கு உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. எனவே கடனை வளரவிடாமல் இருப்பதே அவருக்குக் காவல்.

ஒரு கோடி ரூபாய்க்குக் குறைந்த பாக்கிக்காக நீங்கள் திவால் வழக்குத் தொடங்க முடியாது. வேறு யாராவது தொடங்கினால், பொது அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள் உங்கள் கோரிக்கையைப் பதியுங்கள். கம்பெனியைக் கலைத்துப் பங்கிடும்போது தொழிலாளரின் கடைசி 24 மாத ஊதியத்துக்கு முன்னுரிமை உண்டு. சப்ளையர் வரிசையில் வெகு பின்னால்தான் நிற்கிறார்.

வாடிக்கையாளர்களுக்கு

மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்று மொத்தமாகக் கட்டாதீர்கள். கட்டிய பணம் திரும்பாவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

கடைசியாக எல்லோருக்கும் ஒன்று: செயலி நின்றால் உங்கள் ஆர்டரும் வரவும் பாக்கியும் அதற்குள்ளேயே முடங்கிவிடும். வாரக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லின் நகலோடு உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். நாளை எந்த அலுவலகப் படியேறினாலும் முதலில் கேட்பது அதைத்தான்.