நண்பன் சொன்ன ரகசியத்தை என்ன செய்வது?

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதே." வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வாய்திறந்தால், அதை முதலில் கேட்பது பெரும்பாலும் அம்மாவோ ஆசிரியரோ அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பன்தான். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது. ஆனால் சத்தியம் செய்து கொடுத்தாயிற்றே!

இந்தச் சிக்கலைக் குறிவைத்து உருவானது அமெரிக்காவின் 'சோர்சஸ் ஆஃப் ஸ்ட்ரெங்த்' திட்டம். 1998-இல் மார்க் லோமுரே இதை வடக்கு டகோட்டாவில் தொடங்கினார். சிற்றூர்களும் பழங்குடிப் பகுதிகளும் சிதறிக் கிடக்கும் மாநிலம் அது.

இந்தத் திட்டத்தில் மாணவர்களிலேயே சிலர் 'பியர் லீடர்' ஆகிறார்கள். அவர்களைப் பொறுக்கி எடுக்கும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் ரேங்க் பிள்ளைகளை மட்டும் வரிசையில் நிறுத்துவதில்லை. கால்பந்து அணி, இசைக்குழு, யாரோடும் ஒட்டாமல் மூலையில் உட்கார்ந்து சாப்பிடும் கூட்டம் என்று ஒவ்வொரு வட்டத்திலும் யார் பேச்சு எடுபடுமோ அவரைப் பிடிக்கிறார்கள். நம் ஊரில் கிளாஸ் லீடர் எப்படி நியமிக்கப்படுகிறார் என்பதை ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இவர்களுக்குக் கவுன்சலிங் கற்றுத் தருவதில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை. 'நான் நம்பிப் பேசக்கூடிய பெரியவர் யார்?' என்று ஒவ்வொரு மாணவரையும் யோசிக்க வைக்கிறார்கள். தங்களுடைய ஆளை முதலில் இவர்களே சொல்லிவிடுகிறார்கள்: ஒரு வாத்தியார், ஒரு கோச், ஒரு பாட்டி. நண்பனுக்கு ஆபத்து என்று தெரிந்தால் ரகசியத்தைப் பொத்திவைக்காமல் அப்படி ஒருவரிடம் அவனைக் கூட்டிப் போகிறார்கள். பள்ளியில் இவர்கள் செய்யும் பிரசாரத்தில் அழுத முகங்களுக்கும் அதிர்ச்சிக் கதைகளுக்கும் இடமில்லை. எதைப் பிடித்துக்கொண்டு மீண்டு வந்தோம் என்பதையே பேசுகிறார்கள்.

பலன் உண்டா? ஆய்வாளர் பீட்டர் வைமனின் குழு 18 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, சிலவற்றில் உடனேயும் மற்றவற்றில் பின்னரும் பயிற்சி கொடுத்து ஒப்பிட்டது. முடிவு 2010-இல் வெளியானது. பெரிய பள்ளிகளில், தற்கொலை எண்ணமுள்ள நண்பரைப் பற்றிப் பெரியவரிடம் தெரிவிப்பது பயிற்சி பெற்ற பியர் லீடர்களிடம் 4 மடங்கு அதிகமாக இருந்தது. பெரியவர்கள் உதவுவார்கள் என்ற நம்பிக்கை மற்ற மாணவர்களிடமும் கூடியது. அதுவும் தற்கொலை எண்ணம் வந்துபோன பிள்ளைகளிடம்தான் அதிகமாகக் கூடியது. தற்கொலை முயற்சிகள் குறைந்தனவா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கூட்டிப் போகும் இடத்தில் ஆள் இருக்க வேண்டுமே! 250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சலர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. அங்கேயே பல மாநிலங்கள் அதை எட்டவில்லை. கவுன்சலர் அறை பூட்டிக் கிடந்தால், அந்த ரகசியம் மறுபடி நண்பன் தலையில்தான் விழும்.

(மன உளைச்சலில் இருப்பவர்களும் அவர்களின் நண்பர்களும் 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம்.)