ஒரு கோப்பைக் காப்பியும் ஒரு குவளைத் தண்ணீரும்

நம் ஊர்ச் சீனர் காப்பிக்கடையில் 'கோப்பி ஓ' என்று குரல் கொடுத்தால் இரண்டு நிமிடங்களில் மேசைக்கு வந்துவிடும். மதிய நேரமென்றால் குடித்து முடித்ததும் எழுந்துவிடுவதுதான் மரியாதை. நம் நாற்காலிக்காக யாராவது காத்துக்கொண்டு நிற்பார்கள். இந்தப் பழக்கத்தோடுதான் ஒரு பல்கலைக்கழக விடுமுறையில் நான் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்குச் சென்றேன்.

அங்கே பழைய காப்பிக்கடை ஒன்றில் 'மெலாஞ்ச்' கேட்டேன். காப்பியில் சூடான பால் கலந்து, மேலே நுரை சேர்த்துத் தருவது அது. சிறு தட்டில் கோப்பையும், ஒரு குவளைத் தண்ணீரும், குவளையின் மேல் கவிழ்த்து வைத்த கரண்டியும் வந்தன. விலையைப் பார்த்ததும் மனம் ரிங்கிட்டில் கணக்குப் போட்டது. அவசரமாகக் குடித்துவிட்டு எழலாமா என்று தயங்கியபோது, பணியாளர் காலிக் குவளையை எடுத்துவிட்டு வேறொரு குவளைத் தண்ணீர் வைத்தார். கிளம்பச் சொல்கிறாரோ என்று பதறினேன். பக்கத்து மேசைப் பெரியவர் சிரித்தார். "நீங்கள் இன்னும் இருக்கலாம் என்று பொருள்" என்றார்.

அப்போதுதான் புரிந்தது. அங்கே கொடுக்கும் காசு காப்பிக்கு மட்டுமன்று, உட்காரும் இடத்துக்கும் நேரத்துக்கும் சேர்த்துத்தான். மரச்சட்டத்தில் கோத்த நாளிதழ்களைப் படிக்கலாம், எழுதலாம், சும்மாவும் இருக்கலாம்.

1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியர் விட்டுச்சென்ற மூட்டைகளிலிருந்தே அங்கு காப்பி பிறந்தது என்பது செவிவழிக் கதை. 1685இல் காப்பி விற்க உரிமம் பெற்ற ஜொஹானஸ் டியோடாட்டோ என்ற ஆர்மீனியரே முதல் கடையைத் திறந்தவர் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். 1876இல் தொடங்கிய கஃபே சென்ட்ரலில், முதல் உலகப் போருக்கு முன் டிராட்ஸ்கி சதுரங்கம் ஆடினார். எழுத்தாளர் பீட்டர் ஆல்டன்பெர்க் அக்கடையையே தம் அஞ்சல் முகவரியாகக் கொடுத்திருந்தார்! நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குக் காப்பிக்கடையே வரவேற்பறை என்றால் மிகையில்லை.

இந்தப் பண்பாட்டுக்கு ஒரு பெருங்காயமும் உண்டு. 1938இல் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை இணைத்துக்கொண்டது. காப்பிக்கடைகளின் உரிமையாளர்கள், எழுத்தாளர்கள், வாடிக்கையாளர்கள் எனப் பலரும் யூதர்கள். கடைகள் பறிக்கப்பட்டன. பலர் நாட்டைவிட்டு ஓடினர், பலர் கொல்லப்பட்டனர். பளிங்கு மேசைகள் இருந்தன. அவற்றைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்கள் இல்லை. போருக்குப் பின், 1950களில் பல பழைய கடைகள் மூடப்பட்டன. எஞ்சியவை அம்மரபைக் காத்து வந்தன. 2011இல் அது ஆஸ்திரியாவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

வெளிநாடு செல்லும் நண்பர்களே, காப்பியின் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அந்தக் கடை யாரை, எவ்வளவு நேரம் உட்கார விடுகிறது என்றும் பாருங்கள். நம் பல்கலைக்கழக உணவகத்திலும் புதிய மாணவர் ஒருவர் எழலாமா, இருக்கலாமா என்று தயங்கித் தனியே அமர்ந்திருக்கலாம். அவர் கேட்காமலே ஒரு குவளைத் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தி வைக்க நமக்கு வியன்னா தேவையில்லை.