பனியிலும் வியர்க்கிறதா? பயப்படாதீங்க!

எங்கள் கிளென்மார்கனில் மார்கழி, தை மாதங்களில் காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பாத்திரம் தேய்த்தால் விரல் மரத்துப் போகும். அந்தக் குளிரில் பக்கத்து வீட்டு அக்கா நடுராத்திரி கம்பளியை உதறிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். கழுத்தெல்லாம் வியர்வை. 'காத்து கருப்பு அண்டியிருக்கு' என்று அவர் மாமியார் மந்திரிக்கவே கூட்டிப் போய்விட்டார்.

அக்காவுக்கு வயது 46. காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. மாதவிலக்கு நிற்கப் போகிற காலம். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏறி இறங்கிக் குறையும்போது, உடல் சூட்டைக் கவனிக்கிற மூளைப் பகுதி தடுமாறி, 'ரொம்ப சூடு' என்று தவறாக எடுத்துக்கொள்கிறதாம். உடனே முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. நெஞ்சு படபடப்பு, தூக்கமின்மை, காரணமே இல்லாத அழுகை, எரிச்சல் எல்லாம் இதோடு சேர்ந்து வரலாம். மேல்நாட்டில் சுமார் 51 வயதில் நிற்பது நம் நாட்டுப் பெண்களுக்கு பெரும்பாலும் 46, 47லேயே நின்றுவிடுகிறது. அதற்குச் சில வருஷம் முன்னாலேயே மாற்றம் ஆரம்பித்துவிடும். ஆக, என்னைப் போல முப்பதுகளில் இருப்பவர்களும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம்தான். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு.

ஆனால், எல்லாவற்றையும் 'வயசாச்சு, அப்படித்தான்' என்று தள்ளிவிடவும் கூடாது. கொழுந்து பறிக்கப் போகும் என் தோழிக்கு 42 வயது. மாதத்தில் பதினைந்து நாள் உதிரப்போக்கு. மலைச்சரிவில் கூடையைச் சுமந்து நிற்கவே முடியவில்லை. கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைகூட செய்யாமல், 'ரெண்டு பிள்ளை பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்' என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார்கள். நான்தான் பிடிவாதமாக ஊட்டி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்து, ரத்தம் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பு குறைவு, ரத்தசோகை வேறு. தினமும் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை, தனியாக இரும்புச்சத்து மாத்திரை. நாலைந்து மாதத்தில் உதிரப்போக்கு சீரானது. இப்போது வேலைக்குப் போகிறாள்.

மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஆயிரக்கணக்கில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டதாக 2019ல் செய்தி வந்தது நினைவிருக்கிறதா? சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் முப்பது வயதிலேயே இந்தச் சூடும் எலும்புத் தேய்மானமும் திடீரென்று வந்து உட்காரும். சிலருக்கு அறுவை சிகிச்சை அவசியம்தான். அதை இன்னொரு டாக்டரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாமே.

ஒன்றை மட்டும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். எல்லாம் புற்றுநோய் இல்லை. ஆனால் அதுவாக இருந்தால் சீக்கிரம் பார்த்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

ஹார்மோன் மாத்திரை பற்றி 2002ல் அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது என்று சொன்னதும் உலகமே பயந்தது. பிறகு அலசிப் பார்த்ததில், 60 வயதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு ஆபத்தைவிடப் பலனே அதிகம் என்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு பொதுவாகக் கொடுப்பதில்லை. கடையில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாச்சாரம் இல்லை இது.

சாப்பாட்டில் நான் சொல்வது ராகிதான். 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். களியோ, கூழோ, அடையோ உங்கள் இஷ்டம். அப்புறம், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேராது. ஒரு மணி நேரம் போகட்டும். தேயிலை ஊரில் உட்கார்ந்து இதைச் சொன்னால் எங்கள் வீட்டிலேயே சண்டைக்கு வருகிறார்கள்!

அக்கா இப்போது கனமான ஒரே கம்பளிக்குப் பதில் மெல்லிய பருத்திப் போர்வையாக இரண்டு, மூன்று போட்டுக்கொள்கிறார். சூடு வந்தால் ஒன்றைத் தள்ளிவிடலாம். ராத்திரி காரத்தையும் காபியையும் விட்டுவிட்டார். மற்ற ஊர் சகோதரிகள் தூக்கத்துக்கு என்ன செய்கிறீர்கள்? எழுதுங்களேன், அக்காவிடம் படித்துக் காட்டுகிறேன்.

- ஒரு வாசகி, கிளென்மார்கன், நீலகிரி.