சிற்றலுவலக லினக்ஸ் தீயரண்

சிற்றலுவலக லினக்ஸ் தீயரண் என்பது, ஐந்து முதல் இருபது கணினிகள் வரை உள்ள ஓர் அலுவலகத்தின் உள்வலையமைப்புக்கும் இணையத்துக்கும் இடையில் நின்று போக்குவரத்தை வடிகட்டும், லினக்ஸ் கருனியில் இயங்கும் கணினி அல்லது திசைவி ஆகும். இணையத்தில் தரவு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொதியும் எங்கிருந்து வருகிறது, எந்த முகவரிக்கும் எந்த வாயில் எண்ணுக்கும் செல்கிறது என்பதைப் பார்த்து, அதை விடுவதா தடுப்பதா எனத் தீயரண் முடிவு செய்கிறது. இவ்வேலைக்குப் பெரிய கணிதிறன் தேவையில்லை. ஆகவே மலிவான வன்பொருளும் விலையற்ற மென்பொருளும் போதுமானவை. ஆனால் வாங்கும் விலையை மட்டும் வைத்துத் தெரிவு செய்வது பெரும்பாலும் தவறாகவே முடிகிறது.

தேவை

2017 ஜூலை இறுதியில் பி.எஸ்.என்.எல் அகலப்பட்டைப் பயனர்களின் ஆயிரக்கணக்கான மோடம்கள் ஒரு தீநிரலால் செயலிழந்தன. தொழிற்சாலையில் இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத மோடம்களே பெரும்பாலும் சிக்கின. கடவுச்சொல்லை மாற்றுமாறு அந்நிறுவனம் பயனர்களைக் கேட்டுக்கொண்டது.

மைக்ரோட்டிக் திசைவிகளின் இயக்குதளமான ரவுட்டர்ஓஎஸ், லினக்ஸ் கருனியை அடிப்படையாகக் கொண்டது. அதிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டைக்கு 2018 ஏப்ரலிலேயே திருத்தம் வெளியாயிற்று. அதை நிறுவாத ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட திசைவிகள், இந்தியாவிலுள்ளவை உட்பட, அவ்வாண்டின் பிற்பகுதியில் கைப்பற்றப்பட்டு, அவற்றின் வழியே இணையத்தில் உலாவியோரின் கணினிகளில் மறையீட்டு நாணயம் அகழப் பயன்பட்டன. லினக்ஸ் என்பதாலேயே ஒரு கருவி பாதுகாப்பானது ஆகிவிடாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

வன்பொருள்

அலுவலகத்தில் ஒதுக்கி வைக்கப்பட்ட பழைய மேசைக் கணினியில் இரண்டாவது வலையட்டை ஒன்றைப் பொருத்தித் தீயரணாக்குவது நெடுநாள் வழக்கம். ஓர் அட்டை இணையத்தையும் மற்றொன்று உள்வலையமைப்பையும் நோக்கி இருக்கும். இதற்கு அட்டையின் விலை தவிர வேறு செலவில்லை எனத் தோன்றும். எனினும் தீயரண் இரவும் பகலும் இயங்குவது. கணினி 70 வாட்டு எடுத்துக்கொள்வதாகக் கொண்டால் மாதத்துக்கு ஏறத்தாழ 50 அலகு மின்சாரம் செலவாகும். 7 வாட்டில் இயங்கும் சிறு திசைவிக்கு 5 அலகே ஆகும். ஆண்டுக்கு 540 அலகு வேறுபாடு. வணிகக் கட்டணம் செலுத்தும் அலுவலகத்துக்கு, இலவசமாகக் கிடைத்த கணினியே விலை கூடியதாகிவிடுகிறது.

மின்தடையும் கணக்கில் சேரும். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பச்சைமலைக்கு அருகே அமைந்த துறையூர் போன்ற ஊர்களில் பராமரிப்புக்கான மின்நிறுத்தம் வழக்கமானது. 2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு இருந்தது. யு.பி.எஸ் மின்கலம் மேசைக் கணினியைத் தாங்கும் நேரத்தைவிடச் சிறு திசைவியைத் தாங்கும் நேரம் மிக அதிகம். திடீரென மின்சாரம் நின்றால் வன்தட்டிலும் நினைவக அட்டையிலும் கோப்புகள் சிதையலாம். திசைவியில் இயக்குதளம் படிக்க மட்டுமான பகுதியில் இருப்பதால் இத்தொல்லை குறைவு.

திசைவி வாங்குவோர் மாதிரியின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது, வன்பொருள் பதிப்பையும் பார்க்க வேண்டும். புகழ்பெற்ற லிங்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி திசைவி 2002 இறுதியில் வெளிவந்தது. அதில் லினக்ஸ் இருந்ததால் 2003-இல் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதிலிருந்தே ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் 2004-இல் பிறந்தது. ஆனால் 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பெட்டியும் பெயரும் மாறாமல், நினைவகம் பாதியாகக் குறைந்து இயக்குதளமும் வேறாயிற்று. இன்று ஓப்பன்டபிள்யூஆர்டி நிறுவக் குறைந்தது 8 மெகாபைட் ஃபிளாஷும் 64 மெகாபைட் நினைவகமும் வேண்டும். 16, 128 எனக் கொள்வதே நல்லது.

மென்பொருள்

பொதிகளை வடிகட்டும் பணியை லினக்ஸ் கருனியிலுள்ள நெட்ஃபில்டர் செய்கிறது. இது 2001-இல் வெளியான 2.4 கருனியில் ஐபிடேபிள்ஸ் கருவியுடன் வந்தது. 2014-இல் 3.13 கருனியில் என்எஃப்டேபிள்ஸ் சேர்ந்தது. எல்லா லினக்ஸ் தீயரண்களுக்கும் அடிப்படை ஒன்றே என்பதால், தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது இற்றைப்படுத்தல்கள் தொடர்ந்து வருகின்றனவா என்பது. 2001-இல் தொடங்கிய ஐபிகாப் ஒரு காலத்தில் சிற்றலுவலகங்களில் பெரிதும் விரும்பப்பட்டது. அதன் கடைசிப் பதிப்பு 2015-இல் வந்தது. இன்றும் எங்கேனும் அது ஓடிக்கொண்டிருக்குமாயின் மாற்றப்பட வேண்டியதே. அதன் வழிவந்த ஐபிஃபயர் மேசைக் கணினிக்கும் சிறுகணினிக்கும் ஏற்றது. டெபியனை நிறுவி விதிகளைக் கையால் எழுதுவது கற்போருக்குச் சிறந்த பயிற்சி. ஆயினும் எழுதியவர் வேலை மாறிச் சென்றபின் அவ்விதிகளைத் தொட எவரும் துணிவதில்லை. ஆகவே அலுவலகத்துக்கு உலாவி வழியே இயக்கத்தக்க இடைமுகம் உள்ளதே பொருத்தம். பரவலாக அறியப்பட்ட பிஎஃப்சென்ஸ் ஃபிரீபிஎஸ்டி சார்ந்தது, லினக்ஸ் அன்று.

விதிகள் எளியவை. உள்ளிருந்து தொடங்கிய தொடர்புக்கான மறுமொழி உள்ளே வரலாம், வெளியிலிருந்து தொடங்கும் யாவும் தடை. இவ்விதியை உடைப்பது பெரும்பாலும் கண்காணிப்புக் கேமராவே. உரிமையாளர் தம் கைப்பேசியில் பார்ப்பதற்காகப் பதிவுப்பெட்டிக்கு ஒரு வாயில் திறந்துவிடப்படுகிறது. அதற்குப் பதிலாக, 2020 முதல் கருனியிலேயே உள்ள வயர்கார்டு மெய்நிகர் தனியார் வலையமைப்பைப் பயன்படுத்தலாம்.

பதிவேடுகள்

இந்தியாவில் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்கள் பேண வேண்டும் என்கிறது. சிறு திசைவியின் குறைபாடு இங்கேதான் தெரியவரும். அது பதிவேட்டைத் தற்காலிக நினைவகத்தில் வைப்பதால் மின்சாரம் நின்றதும் எல்லாம் அழிந்துவிடும். அலுவலகத்திலுள்ள வேறொரு கணினிக்கு அவற்றை அனுப்பிச் சேமிக்க வேண்டும். பல சிறு திசைவிகளில் மின்கலத்துடன் கூடிய கடிகாரமும் இல்லை. மின்சாரம் திரும்பியபின் நேர வழங்கியுடன் ஒத்திசையும் வரை பதிவுகளில் பழைய நாளே இருக்கும். ஆகையால் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர வழங்கியை அமைப்பில் குறிப்பிடுமாறும் அதே ஆணை கூறுகிறது.