நிக்கோட்டின்: முதனிகளில் ஹார்மோன் சுரப்பும் நடத்தையும்

குரங்குகளும் மனிதரும் அடங்கிய முதனிகளின் உடலில் நிக்கோட்டின் நிகழ்த்தும் ஹார்மோன் மாற்றங்களைக் கொண்டு அவற்றின் நடத்தையை முன்னறிய இயலுமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா.

புகையுடன் உள்ளிழுக்கப்படும் நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளையை எட்டி, அசிட்டைல்கோலின் ஏற்பிகளுள் ஒரு வகையுடன் பிணைகிறது. அதன் விளைவாக ஹைப்போதலாமஸ் தூண்டப்பட, பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் ஹார்மோனை வெளியிடுகிறது. அதனால் அட்ரினல் புறணி கார்ட்டிசாலைச் சுரக்கிறது. அட்ரினல் அகணியோ நேரடியாகவே தூண்டப்பட்டு அட்ரினலினை விடுவிக்கிறது. பிட்யூட்டரியின் பின்மடலிலிருந்து வாசோபிரசின் வெளிப்படுவதால் சிறுநீர் குறைவதை 1945இல் பர்ன் குழுவினர் மனிதரிடம் காட்டினர். அம்மடல் செயற்படுகிறதா என அறியும் மருத்துவச் சோதனையாகவும் நிக்கோட்டின் சில காலம் பயன்பட்டது.

இவை யாவும் நெருக்கடியில் தோன்றும் சுரப்புகள். புகைப்போரோ தாம் அமைதி பெறுவதாகக் கூறுகின்றனர். கார்ட்டிசால் உயர்வை அச்சத்தின் அடையாளமாக மட்டும் கொள்வதால் எழும் முரண் இது. உடற்பயிற்சியின்போதும் உணவுக்குப் பின்னரும்கூட அது உயர்வதுண்டு.

நடத்தை குறித்த தெளிவு அமெரிக்காவில் அணில் குரங்குகளிடம் நிகழ்ந்த ஆய்வுகளால் கிட்டியது. 1981இல் கோல்ட்பர்க், ஸ்பீல்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், நெம்புகோலை அழுத்திய குரங்குகளுக்கு அவ்வப்போது ஒரு விளக்கு சிறிது நேரம் ஒளிர்ந்தது. சில வேளைகளில் அவ்வொளியுடன் நிக்கோட்டின் சிரைவழிச் செலுத்தப்பட்டது. குரங்குகள் ஓயாது அழுத்தின. நிக்கோட்டினுக்கு மாற்றாக உப்புநீர் தந்தபோது அழுத்தம் குறைந்தது. விளக்கொளியை நீக்கியபோதும் பெரிதும் குறைந்தது என்பதே இங்குக் கவனத்திற்குரியது.

அடுத்த ஆண்டுகளின் ஆய்வுகள் மேலும் வியப்பளிப்பவை. உணவுக்காக அழுத்தும் குரங்கிற்கு அழுத்தத்தைத் தொடர்ந்து நிக்கோட்டின் செலுத்தியபோது அது அழுத்துவதைக் குறைத்துக்கொண்டது. தானாக வரவிருந்த நிக்கோட்டினைத் தள்ளிப்போடவும் குரங்குகள் நெம்புகோலை அழுத்தின. ஆக, ஒரே பொருள் ஓரிடத்தில் பரிசு, மற்றோரிடத்தில் தண்டனை. இரண்டையும் மெக்கமிலமின் என்னும் ஏற்பித் தடுப்பான் தணித்தது. எனவே இரண்டுமே அவ்வேற்பிகளின் வழி நிகழ்பவை. ஏற்பியோ ஹார்மோனோ மட்டும் விளக்கம் ஆகாது. நிக்கோட்டின் எப்போது, எக்குறிப்புடன், எதைத் தொடர்ந்து வருகிறது என்பதே திசையைத் தீர்மானிக்கிறது.

இது ஆய்வகத்தோடு நின்ற செய்தியன்று. 1964ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலரின் அறிக்கை புகைத்தலைப் 'பழக்கம்' என்றே வகைப்படுத்தியது. 1988ஆம் ஆண்டு அறிக்கையே 'அடிமைத்தனம்' என்றது. விலங்குகள் தாமே நிக்கோட்டினை நாடியமை அம்மாற்றத்திற்கு வலுச்சேர்த்த சான்றுகளுள் ஒன்று. நிக்கோட்டின் ஒட்டுப்பட்டை மருந்தை மட்டுமே ஈடுசெய்கிறது. தீக்குச்சியின் ஒளியும் புகையின் மணமும் அதில் இல்லை. அவை அக்குரங்குகளின் விளக்கிற்கு நிகரானவை.